கடைசி வரியில் ஒரு தலகணி

வெயிலில் காய்ந்த இலவம் பஞ்சுக்கு ஒரு மணம் உண்டு. பழைய தேங்காயெண்ணெயும் புழுதியும் கலந்த மணம். போன மாதம், என் மகளின் கலியாணத்துக்கு முந்திய வாரம், வீட்டிலிருந்த தலகணிகளையெல்லாம் உறை கழற்றி வேலியோரம் காயப் போட்டிருந்தேன். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு வரும்போது அந்த மணம் மூக்கில் ஏறியது. அப்படியே கிணற்றுக் கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

"என்ன உம்மா, தல சுத்துதா?" என்று மகள் ஓடி வந்தாள்.

"இல்ல மகள், ஒரு கதை ஞாபகம் வந்திச்சி."

கலியாண வேலை தலைக்கு மேல் கிடக்கிற நேரத்தில் கதையா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு அவள் போய்விட்டாள். ஞாபகம் வந்தது உன் கதைதான். நீ கண்ணை மூடி ஒரு வருடம் ஆகப் போகிறது. இருந்த காலத்தில் உனக்கு நான் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. அடுத்த ஒழுங்கையில் இருக்கிறவளுக்குக் கடிதம் எதற்கு? வாசல் கடப்படியில் நின்று கூப்பிட்டால் போதும், தலையில் சீலையை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்துவிடுவாய். சீனி வருத்தம், அந்த நீரிழிவு, உன் காலைப் பிடித்த பிறகு நான் உன்னிடம் வந்தேன். இப்போது இரண்டு பக்கமும் வழியில்லை, அதனால் எழுதுகிறேன்.

எழுபத்தெட்டுச் சூறாவளிக்கு முந்திய வருடம் அது. சின்ன வயதிலிருந்தே கூட்டாளிகளான நாம் இருவரும் ஒரே பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக நியமனமாகி வந்திருந்தோம். நீ தமிழ் படிப்பித்தாய், நான் கணக்கு. "கணக்குப் படிப்பிக்கிறவக்குக் கதை விளங்காது" என்று நீ சீண்டுவாய். எனக்கு விளங்காதது கதையல்ல, கதையைப் பற்றி ஆட்கள் கதைக்கிற கதை. கணக்குக்கு ஒரு விடை என்றால் ஒரு விடைதான். இலக்கியம் கதைக்கிற உங்கள் ஆட்கள் வேலியில் குந்தியிருக்கிற ஒரு காகத்துக்கு ஆளுக்கொரு விடை வைத்திருந்தார்கள்.

கல்முனை பஸாரில் தையல் நூல் வாங்கப் போகிறோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் நீ எழுதிய அந்தக் கதையைத் தபாலில் போட்டோம். ஆண்பிள்ளைப் பெயர் ஒன்றை நீ புனைந்து வைத்திருந்தாய். தபால்பெட்டிக்குள் கடிதம் விழுந்த சத்தம் கேட்டதும் உன் முகம் வெளிறிப் போனது. நூல் வாங்க மறந்து, திரும்பி வந்து உன் உம்மாவிடம் ஏச்சு வாங்கினோம். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் கதை வந்தபோது அதை எழுதியது நீ என்று ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

எளிய கதை. நம் பக்கத்து வழக்கந்தான் அதில் இருந்தது. பெண்பிள்ளை பிறந்தால் வாப்பாமார் கல் சேர்க்கத் தொடங்குவார்கள். கல்வீடு கட்டி மகளுக்கு எழுதிக் கொடுப்பார்கள். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியேறுவார். பெற்றவர்கள் வளவின் பின்பக்கம் சமையலுக்கென்று இருக்கிற குசினிக்கு மாறிக்கொள்வார்கள். அடுத்த மகளுக்கு அடுத்த வீடு. இதைக் கொடுமை என்று யாரும் சொல்வதில்லை, நானும் சொல்லவில்லை. உன் கதையில் ஒரு வாப்பா தன் மூத்த மகளுக்கு வீடு கட்டுகிறார். ஒரு பக்கச் சுவர் பூசப்படாமல் கிடக்கிறது. கலியாணத்தன்று வானம் இருட்டுகிறது, மழை வருகிறது, முருங்கைக் கொப்பு முறிந்து விழுகிறது, வேலியில் ஒரு காகம் நனைகிறது. மாப்பிள்ளையைக் கூட்டி வருகிற பைத் பாட்டுச் சத்தம் தெருவில் கேட்கிறது. கடைசி வரி எனக்கு இன்றைக்கும் மனப்பாடம்: 'வாப்பா தன் தலகணியை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனார்.'

உனக்கு மூத்தவளான ராத்தாவின் கலியாணத்தில் நடந்ததைத்தான் எழுதியிருந்தாய். நானும் அந்தக் கலியாணத்தில் உன்னோடு நின்றவள்தான். "வாப்பா தலகணியோட போறத என்ட கண்ணால கண்டன்" என்று சொன்னாய்.

எங்கள் வீட்டின் மூத்த ஆண்பிள்ளை, என் காக்கா, ஓர் இலக்கிய வட்டம் வைத்திருந்தார் அல்லவா. வெள்ளிக்கிழமைகளில் பின்னேரம் எங்கள் வீட்டு விறாந்தையில் கூடுவார்கள். வெளியே ஆண்கள் இலக்கியம் கதைக்க, சீலைத் திரைக்குப் பின்னால் நாம் தேத்தண்ணி ஊற்றுவோம். அந்த வெள்ளி அவர்கள் எடுத்தது உன் கதையை. திரைக்கு இந்தப் பக்கம் கதாசிரியர் இஞ்சி தட்டிக்கொண்டிருந்தார். அதை நினைத்து நினைத்து எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

முதலில் தாடிக்கார மாஸ்டர் தொடங்கினார். பக்கத்துப் பாடசாலையில் சரித்திரம் படிப்பித்தவர், எதிலும் வர்க்கம் காண்பவர். "இந்தச் சுவர் ஏன் பூசப்படல்ல? யோசிச்சுப் பாருங்க. இது எங்கட நாட்டுச் சுதந்திரம். வெள்ளக்காரன் போயிட்டான், பூச்சு வேலை இன்னும் முடியல்ல" என்றார். அங்கே ஒரு "ஆ" எழுந்தது. காகம் சுரண்டுகிற முதலாளி. முறிந்த முருங்கைக் கொப்பு நடுத்தர வர்க்கத்தின் முதுகெலும்பு. என் காக்கா காகத்தை முதலாளிக்கு விட்டுக்கொடுக்க விரும்பவில்லை, அது மனிதனின் தனிமை என்றார். பாண்டிருப்பிலிருந்து சைக்கிளில் வருகிற கிளாக்கர் ஐயா மழையை எடுத்துக்கொண்டார். அவர் நல்ல வாசகர், மெதுவாகக் கதைப்பார். "மழை கருணைதான். மேல ஒருத்தன் பாத்துக்கொண்டிருக்கிறான் எண்டு கதாசிரியர் சொல்லுறார்" என்றார்.

நீ என் தொடையைக் கிள்ளினாய். "அது எங்கட வளவுக் காகம் புள்ள. உம்மா கருவாடு கழுவினா வரும்" என்று காதுக்குள் சொன்னாய். சிரிப்பை அடக்கச் சீலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டேன்.

அதுவரை எல்லாம் விளையாட்டுத்தான். பிறகுதான் மாஸ்டர் விசயத்துக்கு வந்தார். வட்டம் ஒரு சிறுகதைத் தொகுப்பு போட இருந்தது, தொகுப்பாளர் அவர்தான். "இந்தக் கதையப் போடுவம். ஆனா ஒண்டு. கடைசி வரிய வெட்டிரணும். நனைஞ்ச காகத்தோட நிப்பாட்டினா அதுதான் உச்சம். வாப்பா குசினிக்குப் போறதெல்லாம் ஒரு முடிவா? எல்லார்ர வாப்பாவும் போறதுதானே" என்றார். காக்கா ஓம் என்றார். கிளாக்கர் ஐயாவும் அதற்கு மறுப்புச் சொல்லவில்லை.

இஞ்சி தட்டிய கை நின்றது. உன் முகத்தைப் பார்த்தேன், சிரிப்பு ஓடிவிட்டது. தேத்தண்ணித் தட்டை நீ தூக்கினாய். உன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"சும்மா இரி. ஒரு வரிதானே, போகட்டும்."

"அந்த வரிக்காகத்தான் மத்ததெல்லாம் எழுதின" என்றாய்.

அப்போது பக்கத்து ஊரில் உனக்கு ஒரு சம்பந்தம் கிட்டத்தட்ட முற்றாகியிருந்தது. வீட்டுச் சங்கதியைப் பேப்பரில் போடுகிற பெண், அதுவும் ஆண்பிள்ளைப் பெயரில் போடுகிற பெண் என்று தெரிந்தால் அது குழம்பும். உன் குரலோ ஊர் அறிந்த குரல். மீலாத் விழாவில் பிள்ளைகளுக்குப் பாட்டுப் பழக்கிய குரலை யாருக்குத்தான் தெரியாது? வாயைத் திறந்தால் முடிந்தது. நீ தட்டைக் கீழே வைத்துவிட்டுத் திரைக்குக் கிட்டப் போனாய்.

"அந்த வரிய வெட்டாதீங்க."

வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் இலக்கியத்துக்குள் வருவாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. மாஸ்டர் நல்ல மனிதர், கோபிக்கவில்லை. "ஏன் தங்கச்சி?" என்று கேட்டார்.

"மாஸ்டர், உங்கட வாப்பா எங்க படுக்கிறார்?"

இதை எழுதும்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். "குசினிக்குள்ள" என்றார் மாஸ்டர் கடைசியில். அவருடைய ராத்தாவுக்குக் கொடுத்த வீட்டுக்குப் பின்னால்.

நீ விட்டிருக்கலாம். விடவில்லை. "எப்ப மாறினார்? என்னத்த எடுத்துக்கு மாறினார்? நீங்க கண்டீங்களா?"

"கவனிக்கல்ல தங்கச்சி."

அப்போதுதான் கிளாக்கர் ஐயா வாய் திறந்தார். "என்னட்டயும் கேளுங்க. என்ட மூத்தவள் கலியாணம் முடிச்சி ரெண்டு மாரி போயிட்டு. நான் படுக்கிறதே வீட்டுக்குப் பின்னால இறக்கின சாய்ப்புக்குள்ளதான். மழைக்கு ஒழுகுது. ஒழுகிற இடத்துக்குக் கீழ சட்டி வச்சிட்டு வந்துதான் இஞ்ச இருந்து மழையப் பத்திக் கதைச்ச நான்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். மற்றவர்கள் சிரிக்கவில்லை. திரையின் ஓட்டைக்குள்ளால் பார்த்தேன், அவர் கண்ணாடியைக் கழற்றிச் சால்வையால் துடைத்துக்கொண்டிருந்தார்.

மாஸ்டர் பேனையை மூடிச் சட்டைப் பையில் வைத்தார். "வரி இரிக்கட்டும்" என்றார். பிறகு, "தங்கச்சி ஆரு?" என்று கேட்டார். நீ ஒரு மூச்சு எடுத்துவிட்டு, "எழுதின ஆள்" என்றாய். அன்றைக்கு ஆறிப்போன தேத்தண்ணியை எல்லோரும் மறுப்பேதும் சொல்லாமல் குடித்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உனக்குச் சந்தோசமாக இருக்கவில்லை. சம்பந்தம் பேசிய பக்கத்து ஊர்க்காரர்கள் வேறொரு சாட்டுச் சொல்லி ஒதுங்கிக்கொண்டார்கள். நீ அதற்கு அழவில்லை. உன் வாப்பாவுக்காகத்தான் அழுதாய். ஆரோ பள்ளிவாசலில் வைத்து அவரிடம், "உங்கட தலகணி பேப்பர்ல வந்திரிக்காமே" என்று கேட்டுவிட்டார்கள். மனிதர் கொதித்துப் போனார்.

"என்னப் பாத்துப் பாவப்படச் சொல்லி நான் கேட்டனா? மகள் என்னக் குசினிக்குத் துரத்தினதா ஊர் நினைக்காதா? குசினிக்கு என்ன குறை? நல்லா காத்து வருது!"

காற்று வந்ததென்னவோ உண்மை. அடுத்த வருடம் சூறாவளி அந்தக் கூரையை மொத்தமாகத் தூக்கிக்கொண்டு போனது. உன் ராத்தாவின் கல்வீடு நின்றது. அதில் வந்து தங்கிய நாட்களில், தான் கட்டிய வீட்டில் உன் வாப்பா விருந்தாளி மாதிரி விறாந்தை நுனியில் உட்கார்ந்திருந்தார், மருமகன் வந்தால் எழும்பி நின்றார். தண்ணீர் வற்றுவதற்கு முன்பே தென்னங்கிடுகு தேடிக்கொண்டு போய்க் குசினிக் கூரையை வேய்ந்து உள்ளே போய்விட்டார். நீ அதைக் கதையாக எழுதவில்லை. எழுதச் சொல்லி நான் கேட்டேன். "அவர்ட்ட இனி ஏச்சு வாங்க ஏலா" என்றாய்.

தொகுப்பு தாமதமாக வந்தது. உன் சொந்தப் பெயர் போட்டிருந்தார்கள். கடைசி வரி இருந்தது. அந்த நாட்களில் ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் கேட்டேன்: "அப்ப, அந்தத் தலகணி ஒரு குறியீடா, இல்லயா? எனக்கு ஒரு விடை சொல்லு." நீ நடந்துகொண்டே யோசித்தாய். "காகத்த நான் வேணுமெண்டுதான் வச்ச, ஒரு வடிவுக்கு. தலகணிய நான் வைக்கல்ல. அது அங்க கெடந்திச்சி. ஆக்கள் தாண்டித் தாண்டிப் போனாங்க" என்றாய். பிறகு உன் வகுப்புப் பிள்ளைகளுக்கு நீ அடிக்கடி சொன்ன அந்த வாக்கியத்தை எனக்கும் சொன்னாய்: "எது உனக்குப் புதினமாத் தெரியல்லயோ, அத ரெண்டாந்தரம் பாரு." ஒரு கதையின் கருவைத் தேடுகிறவர்கள் எப்போதும் இடி மின்னலுக்குப் போகிறார்கள் என்று உனக்கு ஒரு எரிச்சல் இருந்தது. நான் கணக்குக்காரி. விடை கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் உனக்குக் கலியாணம் வந்தபோது ஒரு பிடிவாதம் பிடித்தாய். உன் வீட்டின் பக்கத்தில் வாப்பாவுக்கு ஓர் அறை வேண்டும், கதவோடு, யன்னலோடு. மாப்பிள்ளை ஒப்புக்கொண்டார். கொத்தனார் கட்டியும் முடித்தார். உன் வாப்பா அதில் சில வாரம் படுத்தார். பிறகு உன் தங்கச்சிக்கு வீடு தொடங்கியதும், கல்லையும் மண்ணையும் ஆரும் அள்ளிக்கொண்டு போவார்கள் என்று சொல்லி அங்கே ஒரு குடிலுக்குப் போய்விட்டார். அந்த அறையில் நெல் மூட்டை அடுக்கினீர்கள். "வாப்பாவ வச்சிரிக்க ஏலாமப் போச்சி. வரியாவது இரிக்கி" என்று நீ சொன்னபோது சிரித்தாய்.

இப்போது என் மகளின் கலியாணத்துக்கு வருகிறேன்.

நீ பார்த்த என் வீடு இனி அவளுடையது. எங்களுக்குப் பின்பக்கத்தில் குசினியோடு ஒட்டி ஓர் அறை. சீமெந்து போட்ட அறை, மின்விசிறி இருக்கிறது, ஒரு குறையும் இல்லை. கலியாணத்தன்று மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு, தெருமுனையில் பைத் சத்தம் கேட்டது. எல்லோரும் முன்பக்கம் ஓடினார்கள். என் மனிசன் புதுச் சாரமும் தொப்பியுமாகக் கடப்படியில் மாப்பிள்ளையை எதிர்பார்த்து நின்றார். எங்கள் பழைய படுக்கையறையைப் புதுத் தம்பதிக்காகத் துப்புரவாக்கி விரித்துவிட்டேன், எங்கள் தலகணிகள் மட்டும் கட்டில் மூலையில் கிடந்தன. மாப்பிள்ளை வருவதற்குள் எடுக்க வேண்டுமே. ஒன்றை இந்தக் கக்கத்திலும் மற்றதை அந்தக் கக்கத்திலும் இடுக்கிக்கொண்டு பின்வாசலால் இறங்கினேன். உன் வரி எனக்குள் ஓடத் தொடங்கியது. 'வாப்பா தன் தலகணியை எடுத்துக்கொண்டு...'

கிணற்றடியில் இரண்டு குமரிகள் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார்கள். "கொஞ்சம் விலகுங்க புள்ளையள்" என்றேன். தலையைத் தூக்காமலே காலை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். அந்த இடத்தில் நான் நின்றுவிட்டேன்.

உன் ராத்தாவின் கலியாணத்தில் கிணற்றடியில் கோப்பை கழுவியவர்கள் நீயும் நானும். மழை தூறிக்கொண்டிருந்தது. "கொஞ்சம் விலகுங்க புள்ளையள்" என்று ஒரு குரல் வந்தது. நாம் காலை உள்ளே இழுத்தோம். உன் உம்மா இரண்டு தலகணிகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நனையாமல் இருக்க மேலே ஒரு பழைய பாயையும் போர்த்துக்கொண்டு, நம்மைத் தாண்டிக் குசினிக்குப் போனா. உன் வாப்பா கடப்படியில் நின்றார், புதுச் சாரத்தோடு. அவர் கையில் ஒன்றும் இருக்கவில்லை. அவர் ஒரு தலகணியைத் தூக்கி நான் என்றைக்கும் கண்டதில்லை. நீயும் கண்டிருக்க மாட்டாய்.

உனக்கு உன் வாப்பா மேல் அவ்வளவு உயிர். மனம் அவர் கையில் ஒரு தலகணியைக் கொடுத்துவிட்டது. அது பொய் என்று சொல்ல என்னால் முடியாது, ஏனென்றால் இத்தனை வருடமும் நானும் அவர் போவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மாஸ்டருக்கு வாப்பா தெரியவில்லை, எல்லார் வாப்பாவும் போவதால். நமக்கு உம்மா தெரியவில்லை. அவ எப்போதும் குசினியில் இருந்ததால், அவ அங்கே குடிபோனதை யாரும் போனதாகவே கணக்கெடுக்கவில்லை.

தலகணிகளோடு அங்கே நிற்க, உன்னோடு ஒரு சண்டை பிடிக்க வேண்டும் என்று அப்படி ஓர் ஆசை வந்தது. இத்தனை காலத்தில் உன் கதையில் நானாகக் கண்டுபிடித்த ஒரே விடை, அதைச் சொல்ல நீ இல்லை. நீ இருந்தால் முதலில் முகம் கறுத்திருப்பாய். பிறகு சிரித்து, "கணக்குக்காரி கடைசியாக் கதை வாசிக்கப் பழகிட்டா" என்று சொல்லியிருப்பாய். சண்டைக்கு ஆளில்லாமல் அழுகைதான் வந்தது. குமரிகள் நிமிர்ந்து பார்த்தார்கள், மகளைக் கட்டிக் கொடுக்கிற உம்மா அழுகிறா என்று நினைத்துத் திரும்பவும் கோப்பையைக் கழுவினார்கள்.

உள்ளே போய்த் தலகணிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். முன்பக்கம் மாப்பிள்ளை வந்துவிட்ட ஆரவாரம் கேட்டது. முகத்தைக் கழுவிக்கொண்டு போனேன், எல்லோரோடும் சிரித்தேன், நின்றேன். ஆனால் நீ மாஸ்டரிடம் கேட்ட கேள்வி அன்று முதல் என்னை விடவில்லை. உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். அதை இப்போது உன்னிடமே கேட்கிறேன், கோபமில்லை, தெரிந்துகொள்ளும் ஆசைதான்: உன்ட கதையில உன்ட உம்மா எங்க படுத்தா புள்ள?